அம்மாவுக்கு வேண்டியது ஐந்தே சேனல்

எங்கள் வீட்டு ரிமோட்டின் முதுகில் ஒரு சின்னக் காகிதத்தை அம்மா செல்லோடேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அதில் ஐந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சொல். சீரியல், பழைய படம், நியூஸ், கோயில், மிருகம். ரிமோட்டில் இந்த ஐந்து எண்களுக்கு வேண்டிய பொத்தான்கள் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. மற்றவை வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கின்றன.

எங்கள் பெட்டியில் இருநூற்றுக்கும் மேலே சேனல் வந்துகொண்டிருந்தது. அம்மா பார்ப்பது ஐந்து. அந்த ஐந்திலும் நியூஸும் கோயிலும் இலவசச் சேனல்கள். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியவை மூன்றே மூன்று. ஆனால் மாதாமாதம் 310 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். இந்தக் கணக்கை நான் எத்தனையோ வருடங்களாகப் பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன மாதம்தான் உட்கார்ந்து காகிதத்தில் போட்டேன்.

எங்கள் வீடு பெரம்பூரில். அப்பா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு டிவி என்றால் கிரிக்கெட். அதனால் கேபிள் கதை எங்கள் வீட்டில் எப்போதுமே கிரிக்கெட்டோடு பின்னிக்கொண்ட கதை.

'உனக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்' என்று இந்தியாவில் முதன்முதலாகச் சொல்லப்பட்ட ஊர் சென்னைதான். 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே 'காஸ்' என்ற முறை வந்தது. இலவசச் சேனல்கள் பெட்டி இல்லாமல் கேபிளிலேயே வரும். கட்டணச் சேனல் வேண்டுமானால் தனியாக ஒரு பெட்டி வாங்கி, வேண்டிய சேனலுக்குப் பணம் கட்ட வேண்டும். டெல்லி, மும்பை, கொல்கத்தா மூன்றிலும் தள்ளிப்போய், அங்கேயும் நகரத்தின் சில பகுதிகளில் மட்டும் 2006 கடைசியில்தான் வந்தது. அதுவரை சென்னை மட்டும் தனியாக இருந்தது.

அன்றைக்குச் சென்னைக்காரர்கள் செய்ததை நான் இன்றும் மறக்கவில்லை. மிகச் சிலர்தான் பெட்டி வாங்கினார்கள். மற்ற எல்லோரும் இலவசச் சேனல் போதும் என்று இருந்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் பெட்டி வாங்கவில்லை. அந்த டிசம்பரில் அடிலெய்டில் திராவிட் 233 அடித்தார், இரண்டாவது இன்னிங்ஸில் 72 அடித்து ஆட்டம் இழக்காமல் நின்று ஜெயித்தும் கொடுத்தார். அப்பா அந்த டெஸ்ட்டை இரண்டு தெரு தள்ளிப் பெட்டி வைத்திருந்த ஒரு நண்பர் வீட்டில் பார்த்தார். விடியற்காலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அம்மா ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றிக் கொடுப்பாள். திரும்பி வந்து, "ஒரு சேனலுக்காக ஒரு பெட்டி வாங்கணுமா?" என்று கேட்பார். ஆனாலும் அந்த முறையை அவர் குறை சொன்னதில்லை. "வேண்டாதவன் கட்ட வேண்டாம். அது நியாயம்தானே?" என்பார்.

நாட்டின் மற்ற இடங்களில் கேபிள்காரர் கொடுப்பதைப் பார்த்து, கேட்பதைக் கொடுப்பதுதான் அப்போது பழக்கமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, "எழுபது ரூபா, பேசாம பாத்துட்டுப் போறோம்" என்றார். எழுபது ரூபாய்க்கு எத்தனை சேனல், எது வேண்டும், எது வேண்டாம் என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். விலை ஏற ஏறத்தான் அந்தக் கேள்வியே வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நாம் டிராய் என்று சொல்வது, 2017 மார்ச்சில் புதிய கட்டண விதிகளைக் கொண்டுவந்தது. வழக்குகளையெல்லாம் தாண்டி அது நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் கடைசியில். 2019 பிப்ரவரிக்குள் எல்லா வீடுகளும் மாற வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விலை. அந்த விலை திரையிலேயே தெரிய வேண்டும். முதல் நூறு சேனலுக்கு நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய். அதன் மேல் நீங்கள் கேட்கும் கட்டணச் சேனல்களின் விலை. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. எவ்வளவு சுத்தமான கணக்கு! அன்றைக்கு நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

ஜனவரிக் கடைசியில் கேபிள்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் நான்கு பக்க ஜெராக்ஸ். பொடி எழுத்தில் சேனல் பெயரும் விலையும். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவின் சீரியல் சேனலுக்கு ஒரு டிக், 19 ரூபாய். பழைய படம் போடும் சேனல், 19. கிரிக்கெட்டுக்கு ஒன்று, 19. வெளிநாட்டு டூர் வேறு நிறுவனத்தில் வரும் என்பதால் இன்னொன்று, அதுவும் 19. எனக்காக ஒரு மிருகச் சேனல், தமிழிலேயே பேசுவது, 4 ரூபாய். மொத்தம் 80. நெட்வொர்க் கட்டணத்தோடு 210. வரியோடு 247 ரூபாய் 80 காசு.

கேபிள்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதையே பேக்கா போட்டா 260 ரூபா. இந்த அஞ்சும் அதுல இருக்கு. கூட நூத்தம்பது சேனல் வரும்."

பன்னிரண்டு ரூபாய்க்கு நூற்றைம்பது சேனல். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அப்பா சொன்னார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நூத்தம்பது சேனலைப் பன்னெண்டு ரூபாய்க்குக் குடுக்க முடியும்னா, இந்த ஒரு சேனலுக்கு எதுக்குப் பத்தொம்பது ரூபா?" என்று கேட்டார். கேபிள்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் விலை போடுபவர் இல்லையே. "கம்பெனி போடுற ரேட்டு சார். நான் பட்டனை அழுத்துறதோட சரி" என்றார்.

எனக்கு அப்பாவின் அந்தக் கேள்விதான் இந்த விஷயத்தின் மொத்தமும். பேக் மலிவு என்று நமக்குத் தோன்றுகிறது. பேக் மலிவாக இல்லை. தனிச் சேனல்தான் விலை ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த 19 ரூபாய் எப்படி வந்தது என்று பார்த்தாலே இது புரியும். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைப் பேக்கில் சேர்க்கக் கூடாது என்பது 2017 விதி. அது மேல்வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் மக்கள் கட்டாயம் பார்க்கும் சேனலெல்லாம் வரிசையாக 19-இல் வந்து உட்கார்ந்தன. யாரும் கேட்காத சேனல்களுக்கு ஒரு ரூபாய், ஐம்பது காசு, பத்துக் காசு. ஜெராக்ஸ் தாளில் பத்துக் காசு என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து அம்மா, "பத்துக் காசு இப்போ செல்லுமா?" என்று கேட்டாள்.

பத்துக் காசுக்கு ஏன் ஒரு சேனலை விற்கிறார்கள்? சந்தாவுக்காக அல்ல, விளம்பரத்துக்காக. இத்தனை கோடி வீடுகளில் என் சேனல் வருகிறது என்று விளம்பரக்காரர்களிடம் சொல்ல வேண்டும். நாம் பார்க்கிறோமா இல்லையா என்பது பிறகு. முதலில் அது பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, நாம் விடமுடியாத ஒரு சேனலின் முதுகில் அதைக் கட்டி அனுப்புவது. அந்தக் காலத்தில் கேஸ் கனெக்‌ஷன் கேட்டுப் போனால் அடுப்பையும் இங்கேயே வாங்கு என்று நிற்க வைத்தார்களே, அம்மா அதைத்தான் சொல்வாள். அடுப்பாவது வீட்டில் உபயோகப்பட்டது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாம் கேட்காத அந்தச் சேனல்களும் நெட்வொர்க் கட்டணத்தின் நூறு எண்ணிக்கையில் இடம் பிடிக்கும். நூறு தாண்டினால் அடுத்த இருபத்தைந்துக்கு 20 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். ஆக, நமக்கு வேண்டாத சேனலைச் சுமக்க நாமே கூலி கொடுத்தோம்.

டிராய்க்கு இது முன்பே தெரியும். அதனால்தான் 2017 விதியிலேயே, பேக்குக்குக் கொடுக்கும் தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி நிலைத்திருந்தால் எங்கள் வீட்டு ஜெராக்ஸ் தாளில் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும். ஐந்து சேனல் ஒரு விலை, நூற்றைம்பது சேனல் வேறு விலை என்று வித்தியாசம் தெரிந்திருக்கும். ஆனால் ஒளிபரப்பு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வழக்கு நடந்தது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்தில். 2018-இல் விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, ஆனால் அந்த 15 சதவீத வரம்பு மட்டும் செல்லாது என்று ஆகிவிட்டது. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விதிகளை உறுதி செய்தது. தனித்தனியாக வாங்கும் உரிமை நமக்குக் கிடைத்தது. அந்த உரிமையைக் காப்பாற்றும் தாழ்ப்பாள் போய்விட்டது.

பிறகு நடந்தது இழுபறிதான். 2020 ஜனவரி 1-ஆம் தேதி டிராய் திருத்தம் கொண்டுவந்து 19-ஐ 12 ஆக்கியது. 130 ரூபாய்க்கு இருநூறு சேனல் என்று மாற்றியது. மறுபடி வழக்கு, இந்த முறை மும்பையில். 2021 ஜூனில் பெரும்பாலான விதிகள் செல்லும் என்று தீர்ப்பு. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் முக்கியமான சேனல்களின் விலையை 12-க்கு மேலே வைத்துப் பேக்கை விட்டே வெளியே எடுக்கப்போவதாக அறிவித்தன. அப்படிச் செய்தால் வீட்டுக்கு வீடு பில் ஏறும். டிராய் பின்வாங்கியது. 2022 நவம்பரில் திரும்பவும் 19. பேக்குக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி. நான்கு சேனல் தனித்தனியாக 76 ரூபாய் என்றால் பேக்கில் 41 ரூபாய் 80 காசுக்குக் கொடுக்கலாம். இந்த வித்தியாசம் இருக்கும்வரை 'உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

மறுபக்கம் பேசுபவர்கள் சொல்வதையும் நான் கேட்டிருக்கிறேன். பேக் இல்லையென்றால் சின்னச் சேனல்கள் செத்துப்போகும் என்பார்கள். இது பொய் இல்லை. நான் ஆசையாகப் பார்க்கும் மிருகச் சேனலே அப்படிப்பட்டதுதான். நாலு ரூபாய்க்கு நம் ஊரில் எத்தனை பேர் அதைத் தனியாகக் கேட்டு வாங்குவார்கள்? ஆனால் அதற்காக நான் பத்து ரூபாய் கொடுக்கத் தயார், பதினைந்தும் கொடுப்பேன். மனசார விரும்பிக் கொடுப்பது அது. என் மிருகச் சேனலைக் காப்பாற்றுவதற்காக அடுத்த வீட்டுப் பாட்டி பணம் கட்ட வேண்டும், அந்தப் பாட்டி பார்க்காத பத்துச் சேனலுக்காக நான் கட்ட வேண்டும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதிலும் அந்தப் பணம் சின்னச் சேனலுக்குத்தான் போகிறதா? ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் ஐந்து வருடத்துக்கு, டிவியும் டிஜிட்டலும் சேர்த்து 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டாமா? கிரிக்கெட் பார்க்கிறவரிடம் மட்டும் வாங்கி எடுக்க முடியாது. விளையாட்டுச் சேனல் எல்லா வீட்டுப் பேக்கிலும் இருந்தாக வேண்டும்.

கிரிக்கெட் விஷயத்தில் அப்பாவுக்கு இன்னொரு வருத்தம் இருந்தது. அவர் காலத்தில் தூர்தர்ஷனிலேயே மேட்ச் வந்தது. இன்றும் முக்கியமான ஆட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் போட்ட சட்டம் இருக்கிறது. ஆனால் அப்படிப் பகிரும் ஒளிபரப்பு ஆன்டெனாவிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரலாம், கேபிள் வழியாகத் தூர்தர்ஷனில் வரக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தூர்தர்ஷன் சேனல் எங்கள் பெட்டியிலும் இருக்கிறது. மேட்ச் நேரத்தில் அதில் வேறு ஏதாவது ஓடும். ஃப்ரீ டிஷ்ஷே வாங்கிவிடலாம், மாதச் சந்தாவே கிடையாது என்று ஒருமுறை பேசினோம். அம்மாவின் சீரியல் அதில் வராது என்றதும் அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

2019-இல் அப்பா தனித்தனியாகத்தான் போடச் சொன்னார். பன்னிரண்டு ரூபாய் மிச்சத்துக்காக இல்லை, கேட்டதை மட்டும் வாங்க வேண்டும் என்பதற்காக. ஏழெட்டு மாதம் அப்படி ஓடியது. அதற்குள் என் மகள் கார்ட்டூன் சேனல் கேட்டாள். ஒரு டூர் மூன்றாவதாக ஒரு விளையாட்டுச் சேனலுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கேபிள்காரருக்கு போன் செய்து, அவர் ஆபீஸில் சொல்லி, பெட்டியை அணைத்துப் போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து. ஒருநாள் டாஸ் போடும் நேரத்தில் திரையில் 'இந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை' என்று வந்து நின்றது. அப்பா அன்றைக்கு, "சரி, பேக்கையே போட்டுடச் சொல்லு" என்றார். அவர் குரலில் இருந்த அலுப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நம்மை அலுக்க வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

அப்பா 2022 ஆகஸ்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கிரிக்கெட் பார்ப்பதில்லை. மகளும் டிவி பக்கம் வருவதில்லை, அவளுக்கு எல்லாம் போனில்தான். அங்கேயும் இதே கதைதான், ரீசார்ஜ் செய்தால் கூடவே கேட்காத நாலு ஆப் வருகிறது. விளையாட்டுச் சேனலை எடுத்துவிடச் சொல்லிக் கேபிள்காரரிடம் கேட்டேன். "பேக்குல இருக்கு சார், அதை மட்டும் தனியா உருவ முடியாது. தனித்தனியா போட்டீங்கன்னா கூடத்தான் ஆகும்" என்றார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. 2019-இல் எங்கள் வீட்டுக் கணக்கிலேயே பேக்குக்கும் தனித்தனிக்கும் பன்னிரண்டு ரூபாய்தான் வித்தியாசம். எல்லா வீட்டுக்கும் அதையே சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பழகிப்போயிருக்கிறது. நானும் நம்பிவிட்டேன். 2023 பிப்ரவரியில் புது விலைத் தகராறில் பெரிய நிறுவனங்கள் பல கேபிள் நெட்வொர்க்குகளுக்கு ஒளிபரப்பையே நிறுத்தியபோது சில நாள் சீரியல் இல்லாமல் அம்மா தவித்தாள். அப்போதும் நான் கணக்குப் பார்க்கவில்லை. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. அப்போதும் பார்க்கவில்லை.

போன மாதம் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றும்போது அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்தில் ஐந்து எண்கள். அப்பாவின் எண் அதில் இல்லை. அவருக்கு எழுதி வைக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, கேபிள் கம்பெனியின் இணையதளத்தில் ஒவ்வொரு சேனலின் விலையையும் தேடி எடுத்து எழுதினேன். தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பேக்குகள் முதல் பக்கத்திலேயே படம் படமாக இருந்தன. தனிச் சேனல் விலைப் பட்டியல் எங்கோ ஆறாவது சொடுக்குக்குப் பிறகு. மூன்று கட்டணச் சேனல், நெட்வொர்க் கட்டணம், வரி. எல்லாம் கூட்டினால் பேக்கைவிட ஏறத்தாழ எண்பது ரூபாய் குறைவு. விளையாட்டுச் சேனல்கள் போனதும் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. மாதம் எண்பது என்றால் வருடம் 960. மூன்று வருடமாக அந்தப் பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

எண்பது ரூபாய்க்கா இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்கலாம். அம்மாவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். மாத்திரைக்கு, பாலுக்கு, கரண்டுக்கு என்று டைரியில் ஒவ்வொரு ரூபாயாக எழுதி வைப்பவள். அந்த டைரியில் 'கேபிள் 310' என்ற வரிக்கு எதிரே மட்டும் எதற்கு என்று அவளால் ஒன்றும் எழுத முடிந்ததில்லை. மளிகைக் கடைக்காரர்கூடத் துண்டுச் சீட்டில் பருப்புக்கு இவ்வளவு, புளிக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுக்கிறார். இங்கே பெயர் வைத்த ஒரு பேக், ஒரு தொகை, அவ்வளவுதான். கேபிள் ரசீதில் சேனல் வாரியாக விலையும், 'இவற்றை மட்டும் தனியே வாங்கினால் இவ்வளவு' என்ற ஒரு வரியும் அச்சடிக்க வேண்டும் என்று டிராய் கட்டாயப்படுத்தினால் போதும். தேர்ந்தெடுக்க 2020-இல் ஒரு ஆப் கொண்டுவந்தார்கள், நல்லதுதான். எழுபது வயதைத் தாண்டிய அம்மா அதில் எப்படி உட்கார்ந்து தேடுவாள்? அவள் கைக்கு வருவது ரசீது. விவரம் அதில் இருக்க வேண்டும்.

கேபிள்காரரைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "கரெக்ட்தான் சார். யாரும் இப்படிக் கேக்குறதில்ல" என்றார். ஒன்றாம் தேதியிலிருந்து மாற்றித் தருவதாகச் சொன்னார், மாற்றியும் தந்தார்.

அன்று சாயந்திரம் அம்மா சோபாவில் உட்கார்ந்து, ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐந்து எண்களையும் வரிசையாக அழுத்திப் பார்த்தாள். சீரியல் வந்தது. பழைய படம் வந்தது. நியூஸ், கோயில் வந்தன. மிருகத்தில் ஒரு யானைக் கூட்டம் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது, குட்டியை நடுவில் விட்டு. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்க்காமலே இன்னொரு எண்ணை அழுத்தினாள். திரை கறுத்து, சந்தா இல்லை என்ற வரி வந்தது.

"அப்பா போனதுக்கப்புறமும் இதுக்கும் சேத்தா கட்டிக்கிட்டிருந்தோம்?" என்றாள்.

"ஆமாம்மா."

"யாருமே பாக்கலியேடா" என்று சொல்லிவிட்டு, யானைக்குத் திருப்பினாள்.